புட்டியில் விட்ட வேர் மண்ணில் ஏன் வாடுகிறது?

சமையலுக்கு வாங்கிய புதினாக் கட்டில் நாலு தண்டை எடுத்து, பழைய பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தால், பத்து நாளில் வெள்ளை வெள்ளையாய் வேர் இறங்கிவிடுகிறது. ஆசையாகத் தொட்டியில் நட்டால் மூன்றாம் நாளே தலை தொங்கிப்போகிறது. ‘தண்ணீரில் தளதளவென்று இருந்தது மண்ணுக்கு வந்ததும் ஏன் சாகிறது?’ என்பது வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி.

கோளாறு வேரில்தான். மண்ணில் வளரும் வேரில் மயிர் போன்ற நுண்ணிய தூவிகள் நிறைய இருக்கும். மண் துகள்களுக்கு இடையில் ஒட்டியிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது அவைதான். தண்ணீரில் வளர்ந்த வேரில் அவை குறைவு. வேரும் தொட்டால் ஒடியும். மண்ணுக்கு வந்தபின் புதிய வேர் விடும்வரை செடிக்குத் தாகம் தீராது. நீண்ட நாள் தண்ணீரிலேயே விட்டு, வேர் புட்டி முழுக்கச் சுருண்டபின் நட்டால் சிரமம் இன்னும் அதிகம். கொத்தாக வேர் வரட்டும் என்று காத்திருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வேர் ஒன்றரை அங்குலம் வந்தாலே நட்டுவிடலாம்.

தண்டு எடுக்கும்போது பூ வைக்காத, நல்ல உயிருள்ள தண்டாகப் பார்த்து, நான்கைந்து அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். வேர் பெரும்பாலும் கணுவிலிருந்துதான் கிளம்பும். தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அழுகி நாறும். இரண்டு கணு முங்கும் அளவு தண்ணீர் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே பிடித்துத் திறந்துவைப்பது நல்லது. நேர் வெயில் படாத, வெளிச்சமான திண்ணையோ ஜன்னலோ ஏற்ற இடம். கண்ணாடிப் புட்டியாக இருந்தால் காகிதம் சுற்றிவிட்டால் பாசி பிடிக்காது.

இதில் அசட்டையாக இருக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். புதினா வேர்விடும் காலமும் அதுதான்! இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். கொட்டி ஊற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் சாகாது. அதனால் புட்டியின் உட்புறத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். வாயைத் துணியால் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. பழைய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் கொட்ட வேண்டும்.

நடவுக்குச் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்காகக் கலந்த பொலபொலப்பான மண் போதும். புது உரம் வேண்டாம், வேர் கருகும். மண்ணை முதலில் நனைத்து, விரலால் குழி பறித்து, வேர் ஒடியாமல் இறக்கி, லேசாக அணைத்துவிட வேண்டும். நடுவது மாலையில். முதல் ஒரு வாரம் நிழல், மண்ணில் ஈரம் காயக் கூடாது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தண்ணீரைக் குறைத்து, மெல்ல வெயிலுக்கு நகர்த்தலாம். புது இலை துளிர்த்தால் மண் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடிக்கும்.

புதினாவைப் போலவே துளசி, பொன்னாங்கண்ணி, சர்க்கரைவள்ளிக் கொடி எல்லாம் தண்ணீரில் சுலபமாக வேர்விடும். வெற்றிலைக்கும் செம்பருத்திக்கும் சில வாரம் பொறுக்க வேண்டும். கற்பூரவல்லியும் வேர்விடும்; ஆனால் ஈர மண்ணில் செருகினாலே வந்துவிடும் செடிக்குப் புட்டி எதற்கு?

அரளியும் தண்ணீரில் வேர்விடும். ஆனால் குச்சி ஊறிய தண்ணீரும் விஷம். குழந்தைகள் கைக்கும் ஆடு மாடு வாய்க்கும் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்; குடிக்கிற பாட்டிலில் போடவே கூடாது. முருங்கைப் போத்தைத் தண்ணீரில் போட்டு அழுகவிட வேண்டியதில்லை. மூன்றடி நீளத்தில் பருத்த கிளையாக வெட்டி, ஓரிரு நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்ததும் நேராக மண்ணிலேயே ஊன்றிவிடலாம்.