விழியோட்டம் காட்டும் நரம்பு நோய்கள்

ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறு தசைகள் இயக்குகின்றன. மூளை நரம்புகளின் வரிசையில் 3, 4, 6 ஆகிய மூன்றும் அவற்றுக்கு ஆணையைக் கொண்டுவருகின்றன. எது பழுதானது என்று கண்டறிய மருத்துவருக்கு முதலில் வேண்டியவை ஒரு விரலும் பொறுமையுமே.

பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதாகச் சொல்பவரிடம் ஒரு கண்ணை மூடச் சொல்வார்கள். அப்போதும் இரண்டாகவே தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குள்ளேயே இருக்கும். மறைந்தால், இரு கண்களும் ஒரே திசையில் நிற்கவில்லை என்று பொருள். அடுத்து, தலையை ஆட்டாமல் விரலைக் கண்ணால் தொடரச் சொல்வார்கள். ஆறாம் நரம்பு செயலிழந்த கண் வெளிப்புறம் திரும்பாது. நான்காம் நரம்பு பழுதானவர் படியிறங்கத் தடுமாறுவார். மூன்றாம் நரம்பு என்றால் இமை தொங்கும். கூடவே கண்ணின் பாப்பாவும் விரிந்திருந்தால், மூளை ரத்தக்குழாய் புடைத்து நரம்பை அழுத்துகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

பிறகு இரண்டு விரல்களை நீட்டி, மாறி மாறிப் பார்க்கச் சொல்வார்கள். நலமான கண் ஒரே தாவலில் போய்ச் சேரும். நடை தள்ளாடும் பரம்பரை நோயுள்ள சில குடும்பங்களில் அது தாவாமல் ஊர்ந்து செல்வதை மும்பை மருத்துவர் நோஷிர் வாடியாவும் ஸ்வாமியும் கவனித்து, ஒன்பது குடும்பங்களைப் பற்றி 1971இல் எழுதினார்கள். இந்தியாவில் சி.டி. ஸ்கேன் இல்லாத காலம் அது. பார்த்த கண்ணே கருவியாக இருந்தது. அந்நோய்க்கான மரபணு 1996இல்தான் பிடிபட்டது. தமிழகத்தில் காணப்படும் இன்னொரு பரம்பரைத் தள்ளாட்ட நோயிலும் கண்ணின் தாவல் மெதுவாகலாம்.

தர்மபுரி போன்ற வேளாண் மாவட்டங்களில் இந்தச் சோதனைக்கு இன்னொரு அவசரப் பயனும் உண்டு. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் தீண்டினால் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியலில் இமை கனத்துத் தொங்கும், விழி திரும்பாது, பேச்சு குழறும். பக்கவாதம் என்று இதைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. நஞ்சு நரம்பும் தசையும் சேருமிடத்தைத் தாக்குகிறது. அடுத்து மூச்சுத் தசைகள் ஓயும். முற்றிய நிலையில் கண் அசையாது, பாப்பாவும் விரிந்து நிற்கலாம். ஆனால் அவர் நினைவோடு இருக்கக்கூடும். செயற்கைச் சுவாசம் கிடைத்தால் பிழைத்து எழலாம். ஆகவே அரூரோ பென்னாகரமோ, எந்த ஊரானாலும், காலையில் எழுந்தவரின் இமை காரணமின்றித் தொங்கினால் மந்திரிக்க அழைத்துச் சென்று நேரத்தை இழக்காமல், நஞ்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.