தாவரச் சாறும் சமூக உடைமையும்: முந்தற் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

1

தாவரச் சாறுகளின் மருத்துவப் பயன் பற்றிய விவாதம் எம்மிடையே பெரும்பாலும் இரு எதிர்முனைகளில் நின்றே நிகழ்ந்து வருகின்றது. முன்னோர் கண்டவை யாவும் பரிசோதனைக்கு அப்பாற்பட்ட உண்மைகள் என்பது ஒரு முனை. ஆய்வுகூடத்திற் பிறவாத எதுவும் மூடநம்பிக்கையே என்பது மறுமுனை. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. மருந்து மனித உழைப்பின் விளைபொருள் என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன. இன்ன வேர் இன்ன நோய்க்கு உதவும் எனத் தலைமுறை தலைமுறையாக அவதானித்து அறிந்ததும் உழைப்பே. அவ்வேரின் கூறுகளைப் பிரித்து, நோயாளரிடத்து ஒப்புநோக்கி அளந்தறிவதும் உழைப்பே. இவ்வுழைப்பு யாருடையது, அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது என்னும் வினாவை நீரிழிவு நோயை முதன்மைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வினாவைத் தொடுப்பதற்குரிய களமாகப் புத்தளம் மாவட்டத்தின் முந்தற் கரையைத் தெரிந்துகொள்கின்றோம்.

2

சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடையே, களப்பும் தென்னந் தோட்டங்களும் இறாற் பண்ணைகளும் சூழ அமைந்தது முந்தல். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் பிரதேசம் இது. கொழும்பையும் புத்தளத்தையும் இணைத்த ஒல்லாந்தர் காலத்து நீர்வழி முந்தற் களப்பினூடாகவே செல்கின்றது. கரையோரத்தின் விளைபொருள்களை நீர்வழியே கோட்டைக்குக் கொண்டுசெல்ல வழி கண்ட அதே வணிகக் கம்பனிதான், 1670களில் போல் ஹேர்மன் என்னும் தன் மருத்துவரைக் கொண்டு இலங்கைத் தாவரங்களைத் திரட்டியது. அத்திரட்டை ஆதாரமாகக் கொண்டே லின்னேயசு 1747ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். உலர்த்திய மாதிரிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. தாவரங்களை இனங்காட்டிய உள்ளூரவரை வரலாறு பெயர்கொண்டு அழைப்பதில்லை. கறுவாவின் வணிகமும் தாவர அறிவின் சேகரிப்பும் ஒரே கம்பனியின் இரு கருமங்களாக இருந்தன என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

களப்போரத்துக் கண்டற் காடுகள் இவ்வினாவை இன்றைய காலத்திற்குக் கொண்டுவருகின்றன. இக்காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும் என்பதைக் களப்பை நம்பி வாழும் மக்கள் நெடுங்காலமாக அறிவர். நச்சுத் தாவரத்திடம் மருந்து தேடுவதும் மரபு மருத்துவத்திற்குப் புதிதன்று. 1995ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர் இதே இனத்திலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்து, அது எயிட்சு நோய்க்குக் காரணமான வைரசை ஆய்வுகூடத்தில் எதிர்ப்பதாக அறிவித்தனர். ஆயினும் ஆய்வுகூடக் குழாயிற் பெற்ற அவ்வெற்றி ஒரு மருந்தாக மாறவில்லை. குழாயினுள் வைரசை எதிர்க்கும் பொருள் மனித உடலில் எத்தகைய தீங்கைச் செய்யும், எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பன வேறு வினாக்கள். சாற்றுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள இத்தூரத்தை மறைப்பவர் எவராயினும் மக்களை ஏமாற்றுபவரே.

இதற்கிடையே அக்காடுகளும் குறுகி வந்துள்ளன. 1980களிலிருந்து ஏற்றுமதியை நோக்கி விரிந்த இறாற் பண்ணைகள் இக்கரையின் கண்டல் நிலங்களையும் உவர்ச் சதுப்புகளையும் விழுங்கின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பல பண்ணைகள் கைவிடப்பட்டன. அழிந்த காடு அவ்வளவு எளிதில் மீளவில்லை. ஆராயப்படாத தாவரங்கள் அழியும்போது அவற்றைப் பற்றிய மக்களறிவும் பயன்பாடின்றித் தேய்கின்றது.

3

நீரிழிவை எம் மக்கள் 'சீனி வருத்தம்' என்றும் 'சலரோகம்' என்றும் வழங்குவர். நீரிழிவு, சலரோகம் ஆகிய சொற்கள் மிகுதியாகச் சிறுநீர் கழிதலாகிய அறிகுறியைச் சுட்டுவன. 'சீனி' என்பது இரத்தத்திலும் சிறுநீரிலும் மிகும் வெல்லத்தைச் சுட்டுவது. இவை நோயின் வெளித்தோற்றங்களே. உள்ளே நிகழ்வது இன்சுலின் சுரப்பின் குறைவும், சுரந்த இன்சுலினுக்கு உடல் இணங்காமையும் ஆகும். காலப்போக்கில் கண், சிறுநீரகம், நரம்பு, இருதயம் ஆகிய அனைத்தையும் பற்றும் இந்நோயை ஒரு மாத்திரையோ ஒரு மூலிகையோ ஒருமுறை கொடுத்து அகற்றிவிட முடியாது. உணவு, உழைப்பின் தன்மை, வருமானம், தொடர் சிகிச்சைக்கான வாய்ப்பு ஆகியவற்றுடன் பிணைந்த நோய் இது. இலங்கையில் 2005-2006இல் நிகழ்ந்த நாடளாவிய ஆய்வு வளர்ந்தோரில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. 2018-2019 ஆய்வோ அதனை 23 சதவீதமென மதிப்பிட்டது. ஆய்வு முறைகள் வேறுபடினும் போக்குத் தெளிவானது.

இந்நோய்க்கு உலகெங்கும் மிகுதியாக வழங்கப்படும் மெற்போமின் என்னும் மாத்திரையின் வரலாறு கவனத்திற்குரியது. ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிய கலேகா என்னும் செடியிலே குருதி வெல்லத்தைக் குறைக்கும் ஒரு பொருள் காணப்பட்டது. அது நச்சுத்தன்மை உடையதாகையால் நேரடியாகப் பயன்படவில்லை. அதனோடு உறவுடைய, தீங்கு குறைந்த சேர்மங்கள் தொகுக்கப்பட்டன. 1957ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஜோன் ஸ்ரேண் மெற்போமினை நோயாளரிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார. இன்று அது தனியொருவரின் காப்புரிமைக்கு உட்படாத, மலிவான மருந்து. முந்தலின் நோயாளி அரசாங்க வைத்தியசாலையின் மாதாந்தச் சிகிச்சை நிலையத்தில் அதனை இலவசமாகப் பெறலாம். 'ஆங்கில மருந்து' எனக் கருதி நாம் ஐயுறும் மாத்திரை ஒரு நாட்டு மூலிகையின் வழித்தோன்றல் என்பதும், அது சமூக உடைமையாகியபோதே ஏழையின் கைக்கு எட்டியது என்பதும் மனங்கொள்ளற்பாலன.

எம் நாட்டுத் தாவரமொன்றின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. சிங்களத்திற் கோத்தல ஹிம்புட்டு எனவும் தமிழிற் பொன்கொரண்டி எனவும் வழங்கும் கொடியின் வேரும் தண்டும் நீரிழிவுக்கு உரியனவாக நம் மரபு மருத்துவத்தில் நெடுங்காலம் பயின்றுள்ளன. அதன் மரத்தைக் குடைந்து செய்த குவளையில் இரவு நீரூற்றி வைத்துக் காலையிற் பருகுவது ஒரு முறை. 1997ஆம் ஆண்டில் யப்பானின் கியோத்தோ மருந்தியற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொஷிக்காவா குழுவினர் இதிலிருந்து சலசினோல் என்னும் சேர்மத்தையும், அடுத்த ஆண்டிற் கொத்தலனோல் என்னும் சேர்மத்தையும் பிரித்தறிந்தனர். மாப்பொருளிலிருந்து வரும் சிக்கலான வெல்லங்களைக் குடற்சுவரிலுள்ள சில நொதியங்களே குளுக்கோசாக உடைக்கின்றன. இச்சேர்மங்கள் அந்நொதியங்களைத் தடுப்பதால் உணவின் பின் குருதியில் வெல்லம் திடீரென உயர்வது தணிகின்றது. மேலைநாட்டு மருந்தாகிய அக்காபோசும் இவ்வழியிலேயே தொழிற்படுகின்றது.

மரபின் கூற்று இவ்வாறு விளக்கம் பெற்றது. ஆயினும் விளக்கம் கிடைத்தமை மட்டும் போதுமானதன்று. இலங்கை மருத்துவ ஆய்வாளர் 51 நோயாளரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளர் மூன்று மாதம் கோத்தல ஹிம்புட்டுத் தேநீரையும் மூன்று மாதம் அதனைப் போன்ற வெற்றுத் தேநீரையும் பருகினர். எது எப்போது வழங்கப்பட்டதென்பதை நோயாளரோ மருத்துவரோ அறியார். குருதி வெல்லத்தின் நீண்டகாலச் சராசரியைக் காட்டும் அளவு, வெற்றுத் தேநீரின் பின் 6.65 ஆகவும் மூலிகைத் தேநீரின் பின் 6.29 ஆகவும் இருந்தது. இது பயனுண்டு என்பதைக் காட்டும் வேறுபாடு. நோய் நீங்கியது என்பதைக் காட்டும் வேறுபாடன்று. வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக இம்மூலிகை மேலும் பெரிய, நீண்ட ஆய்வுகளுக்குத் தகுதியுடையது. இவ்வளவே நாம் நேர்மையாகக் கூறக்கூடியது. மாத்திரையைக் கைவிட்டுக் குவளையை மட்டும் நம்பும்படி எவரேனும் கூறுவாராயின், அவர் இவ்வாய்வின் முடிவை மீறியே பேசுகின்றார்.

4

கொத்தலனோல் என்ற பெயரிலே சிங்களச் சொல் எஞ்சியுள்ளது, உரிமை எஞ்சவில்லை. இத்தாவர இனத்தின் கூறுகளுக்கும் தயாரிப்புகளுக்கும் யப்பானிய நிறுவனங்கள் அந்நிய நாடுகளிற் காப்புரிமைகளைப் பெற்றன. வேரையும் தண்டையும் வெட்டியெடுப்பதால் கொடியே அழிகின்றது. சட்டவிரோதமாக வெளியேற்றப்படும் கோத்தல ஹிம்புட்டுவைச் சுங்கத்தினர் கைப்பற்றிய செய்திகள் மீண்டும் மீண்டும் வெளிவந்துள்ளன. மூலப்பொருளை மலிவாகக் கொடுத்து, முடிவுற்ற பொருளை விலைகொடுத்து வாங்கும் காலனித்துவப் பொருளாதாரத்தின் தர்க்கம் வேறு வடிவில் இங்கே தொடர்வதைக் காணலாம்.

மஞ்சள் பற்றிய வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. காயங்களை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் வெளியீடுகளையும் சான்றாகக் காட்டி வாதிட்டதால் 1997இல் அது இரத்தாயிற்று. இவ்வழக்கில் வென்றது எழுத்திற் பதிந்த அறிவு என்பதை இலக்கிய மாணவராகிய நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற மருத்துவ நூல்களை வெறும் பழைமைச் சின்னங்களாகப் போற்றிவருகின்றோமேயன்றி, அவற்றின் தாவரப் பெயர்களை இன்றைய தாவரவியலோடு பொருத்தி ஆராயும் பணி போதியளவு நிகழவில்லை. வாய்மொழி அறிவின் நிலை இதனினும் மோசம். முந்தலை அடுத்துள்ள உடப்பின் கரைவலைத் தொழிலாளரின் அம்பாப் பாடல்கள் நாட்டாரியலாளரின் கவனத்தை ஈர்த்துள்ளன. அதே கரையில் எந்த இலை எந்தக் காயத்துக்கு என்று அறிந்த முதிய பெண்களின் அறிவு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. பாட்டை மட்டும் பண்பாடாகவும் பச்சிலையை வெறும் கைவைத்தியமாகவும் பிரித்துப் பார்க்கும் நோக்கு ஒரு வர்க்க நோக்கேயாகும்.

5

மக்களறிவைப் போற்றுவது அதனை விமரிசனமின்றி ஏற்பதாகாது. ஈசுரமூலி எம் மரபு மருத்துவத்தில், குறிப்பாக விடக்கடிக்கு, இடம்பெற்ற தாவரம். அது சார்ந்த அரிஸ்ரலோக்கியா இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயையும் விளைவிக்கக் கூடியது. உடல் மெலிவதற்கெனச் சீன மூலிகைக் கலவை உட்கொண்ட பெல்ஜியப் பெண்கள் பலருக்கு நேர்ந்த சிறுநீரகச் சேதம் 1993இல் வெளியானதையடுத்தே இவ்வுண்மை உலகின் கவனத்திற்கு வந்தது. உட்கொண்டு பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோன்றும் தீங்கைத் தனிமனித அனுபவத்தால் மட்டும் கண்டறிய முடியாது. நீண்டகாலப் பதிவும் ஒப்பீடும் அதற்குத் தேவை. நீரிழிவாற் சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்தவர்க்கு இது உயிர்ப் பிரச்சினை.

2020 டிசம்பரிற் கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணி கொவிட் நோயைத் தடுக்கும் என நம்பி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சரும் அதனைப் பகிரங்கமாக அருந்தினார். அடுத்த மாதமே அவருக்கு நோய் தொற்றியமை உறுதியாயிற்று. இதனை மக்களின் அறியாமை என எள்ளி நகைப்பது எளிது. தடுப்பூசி எட்டாதிருந்த காலத்தில், அச்சத்தால் வாடிய மக்கள் கைக்கெட்டியதைப் பற்றிக்கொண்டனர். பரிசோதனைக்கு முந்திய ஒன்றை அதிகாரத்தின் ஆசியோடு முன்வைத்தவர்களையே நாம் விமரிசித்தல் வேண்டும்.

6

மாற்றுவழி இல்லையா? மலேரியாவுக்கெதிரான ஆட்டிமிசினின் கண்டறியப்பட்ட வரலாறு ஒரு விடையைத் தருகின்றது. 1967இல் சீன அரசு தொடங்கிய கூட்டு முயற்சியிற் பல நிறுவனங்களின் ஆய்வாளர் பங்குகொண்டனர். பழைய மருத்துவ நூல்களை ஆராய்ந்த தூ யூயூ, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங்கின் நூலில் அச்செடியைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியும்படி கூறப்பட்டிருந்ததைக் கவனித்தார். வெப்பம் மருந்தைக் கெடுக்கின்றது என ஊகித்துக் குறைந்த வெப்பநிலையிற் சாற்றைப் பிரித்தபோது 1971இல் வெற்றி கிட்டியது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலின் ஒரு வாசகம், வேதியியல், கூட்டுழைப்பு, அரசின் ஆதரவு ஆகிய நான்கும் இணைந்தே அம்மருந்து பிறந்தது. நூலை வழிபட்டிருந்தாலும் புறக்கணித்திருந்தாலும் அது கிடைத்திராது.

எம் நாட்டிலும் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய மார்க்சியரான சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. இறக்குமதியான 2100 அளவிலான மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயர் வலியுறுத்தப்பட்டது. பிபிலே 1977இல் கயானாவிற் காலமானார். அவரது கொள்கையைச் சட்டமாக்க முயன்றோர் 2015ஆம் ஆண்டின் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுபுறம், 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டத்தை அடுத்து நாவின்னையில் ஆயுள்வேத ஆராய்ச்சி நிலையமும், 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவத் துறையும் உருவாகின. பிபிலேயின் மருந்தியல் மரபும் இந்நிறுவனங்களின் மரபு மருத்துவமும் ஒரே ஆய்வுத் திட்டத்திற் போதியளவு சந்திக்கவில்லை என்பதே எமது குறை. 2022இன் செலாவணி நெருக்கடியில் அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு ஏற்பட்டபோது அக்குறையின் விலை வெளிப்படையாயிற்று.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை முன்வைக்கலாம். முதலாவதாக, முந்தல் போன்ற கரைகளின் தாவர அறிவு, அதனைக் கூறியோரின் சம்மதத்துடனும் பெயருடனும், மூன்று சமூகத்தாரிடமிருந்தும் தொகுக்கப்படல் வேண்டும். இப்பணியிற் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் பங்குண்டு. இரண்டாவதாக, அவ்வறிவைப் பரிசோதிக்கும் நிறுவனங்கள் பொதுநிதியில் இயங்கி, பயனுள்ள முடிவுகளைப் போலப் பயனற்ற முடிவுகளையும் வெளியிடல் வேண்டும். மூன்றாவதாக, பெறப்படும் மருந்து அரசாங்க வைத்தியசாலையின் வழியே மக்களுக்குத் திரும்பல் வேண்டும். இவை நிகழும்வரை நீரிழிவுடைய ஒருவர் தாம் அருந்தும் கசாயத்தை மருத்துவரிடம் மறைக்காது கூறவும், மருத்துவர் அதனை ஏளனஞ் செய்யாது கேட்டுப் பதியவும் வேண்டும். ஏனெனில் மூலிகையும் மாத்திரையும் சேர்ந்து குருதி வெல்லத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தும் அபாயமும் உண்டு. வைத்தியசாலையின் சிகிச்சை அட்டையில் 'கசாயம்' என்னும் ஒரு வரிக்கு இடமளிப்பதற்குப் பெருஞ் செலவு தேவையில்லை. எமது ஆராய்ச்சி அங்கிருந்தே தொடங்கலாம்.