பழைய சேலையில் ஒரு பை

சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம். அதனால் பலர் கடையில் துணிப்பை வாங்கினர். பழைய பருத்திச் சேலை இருக்கும் வீட்டில் அந்தச் செலவும் வேண்டியதில்லை.

ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் சேலை முழுவதும் ஒரே சமயத்தில் நைந்துபோவதில்லை. இடுப்பில் செருகும் இடமும் தரையில் உரசும் கரையும் முதலில் போகும். முந்தானை பெரும்பாலும் உறுதியாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை விலகிய இடங்களை ஒதுக்கிவிடுங்கள்.

துணி மெல்லியது என்பதால் இரண்டு மடிப்பாகத் தைக்க வேண்டும். நல்ல கரையை நான்காக மடித்தால் பைக்குக் காது கிடைக்கும். பாரம் முழுவதும் காதில்தான் விழும். அதைப் பையின் விளிம்போடு நிறுத்தாமல் நான்கு விரல் கீழே இறக்கி, கட்டம்போலச் சுற்றித் தையுங்கள். விளிம்போடு நிறுத்திய பை, அரிசி வாங்கும் அன்றே அறுந்துவிடும்.

பட்டு வேண்டாம். மீன், காய்கறி ஈரம் பட்ட பையை அடிக்கடி துவைக்க நேரும், பட்டு தாங்காது.

பாட்டியின் சேலை என்றால் கத்தரிக்கோலை எடுக்குமுன் அவரிடம் கேளுங்கள். நமக்குப் பழந்துணியாகத் தெரிவது அவருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். முந்தானையை வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுத்துவிடுங்கள். மீதியில் நல்ல இடம் பார்த்து வெட்டிக்கொள்ளலாம்.