கண்ணுக்குள் வளரும் பங்கசு

பங்கசு என்றதும் பழைய பாணில் பூக்கும் பூஞ்சணமே நம் நினைவுக்கு வரும். அதே கூட்டத்தைச் சேர்ந்த சில இனங்கள் மனிதக் கண்ணிலும் வளர்ந்து பார்வையைப் பறிக்கும் என்பதைப் பலர் அறியார்.

இவை இரு வழிகளில் கண்ணை அடைகின்றன. முதலாவது, வெளியிலிருந்து. அறுவடையின்போது தெறிக்கும் நெல் உமியோ வைக்கோல் துரும்போ விழிவெண்படலத்தைக் கீறினால், பியூசேரியம், அஸ்பர்ஜிலஸ் போன்ற பங்கசுக்கள் அக்கீறலில் குடியேறும். கவனியாது விட்டால் உள்ளேயும் பரவும். சுத்தமின்றி அணியும் கொன்டெக்ட் லென்ஸும் இதற்கு வழி திறக்கும். இரண்டாவது, குருதி வழியாக. நாளத்தில் நீண்ட நாட்கள் குழாய் பொருத்தப்பட்டோர், நீரிழிவு நோயாளர், நோயெதிர்ப்பு குன்றியோர் ஆகியோரில் கன்டிடா என்னும் மதுவம் குருதியில் கலந்து விழித்திரையை அடையலாம்.

பற்றீரியாத் தொற்று பெரும்பாலும் ஓரிரு நாட்களில் கடும் நோவுடன் வெளிப்படும். பங்கசோ நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் மெல்ல வளரும். கண் சிவத்தல், பார்வை மங்குதல், வெளிச்சம் கூசுதல், கண்முன் புள்ளிகள் மிதத்தல் என்பன அறிகுறிகள். இதைச் சாதாரண கண்நோய் என எண்ணி, பாமசியில் ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்தை வாங்கி விடுவோர் உளர். அது சிவப்பைத் தணிக்கும்; கூடவே கண்ணின் எதிர்ப்பையும் அடக்கிப் பங்கசுக்கு இடங்கொடுக்கும்.

கண் வைத்தியர் கண்மணியை விரியச் செய்து உட்புறத்தைப் பார்ப்பார். வெண்பஞ்சு போன்ற திட்டுக்கள் தென்பட்டால், கண்ணினுள்ளிருந்து சிறிதளவு திரவத்தை ஊசியால் எடுத்து, நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, வளர்ப்பூடகத்திலும் இடுவர். பங்கசு வளர்ந்து தெரியச் சில நாட்கள் செல்லும்.

பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகள் இங்கு பயன்படா. பங்கசின் கலங்களும் நம்முடையவை போலக் கரு உடையவை. ஆனால் நமது கலமென்சவ்வில் கொலஸ்திரோல் இருக்க, பங்கசில் எர்கொஸ்திரோல் உள்ளது. அம்போடெரிசின் பி என்னும் மருந்து இந்த எர்கொஸ்திரோலைப் பற்றி மென்சவ்வைத் துளைக்கும். மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்தே இம்மருந்து பெறப்பட்டது. கண்ணுக்குள் ஏற்றும் அளவு வெறும் 5 முதல் 10 மைக்ரோகிராம். தொற்று முற்றியிருந்தால் கண்ணாடியுடனீரைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றுவர். விழிவெண்படலத்துடன் நின்ற தொற்றுக்கு நட்டமைசின் சொட்டு மருந்து உண்டு. அதைப் பல வாரங்கள் விடவேண்டும்.

கண்ணில் தூசு விழுந்தால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவுங்கள். தாய்ப்பாலோ மூலிகைச் சாறோ விடாதீர்கள். பார்வை மங்கினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பெற்றோரே, உமி பட்டது, லென்ஸ் அணிந்தது, சொட்டு மருந்து விட்டது எதையும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். எதைத் தேடவேண்டும் என்பதை அவருக்கு முதலில் உணர்த்துவது அந்த விபரமே.