பூட்டிய வீட்டுக்குக் காப்பு உண்டா?

காரைக்காலில் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் சில பூட்டியே கிடக்கின்றன. பிள்ளைகள் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். உப்புக்காற்றில் பூட்டு துருவேறி, சாவியே நுழையாது.

2004 சுனாமியும் 2018 கஜா புயலும் தாக்கிய கரை இது. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி தீ, புயல், வெள்ளம், சுனாமி ஆகியவற்றுக்குக் காப்பு தருகிறது. ஆளில்லாத வீட்டில்தான் சிக்கல். ஓர் ஓடு நழுவினாலும் பார்த்துச் சொல்ல ஆளிருக்காது. மழைநீர் இறங்கி இறங்கி உத்தரமே உளுத்துப்போகும். நாள்பட்ட தேய்மானத்துக்கு இழப்பீடு கிடையாது. இதற்கு முன் நெடுங்காலம் புழங்கிய தீக் காப்பீட்டுப் பாலிசியிலோ, 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பே நின்றுவிடும் என்ற விதி இருந்தது. முன்கூட்டியே நிறுவனத்தின் ஒப்புதலைப் பாலிசியில் பதிந்திருந்தால்தான் தப்ப முடிந்தது.

விமானம் ஏறுமுன் வீடு பூட்டியிருக்கும் என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள்.