வீட்டைப் பூட்டுறதுக்கு முன்னாடி வால்வைப் பூட்டுங்க

தூத்துக்குடியில சில வீடுகள்ல பூட்டு தொங்குறதைப் பார்க்கலாம். ஒருத்தர் கப்பலுக்குப் போயிருப்பார், ஆறு மாசமோ ஒன்பது மாசமோ கழிச்சுத்தான் வருவார். காயல்பட்டினம் பக்கம் போனா குடும்பத்தோட வளைகுடா நாட்டுல இருப்பாங்க. நகையை லாக்கர்ல வைப்போம், கேஸ் சிலிண்டரை மூடுவோம். தண்ணிக் குழாயை மட்டும் அப்படியே விட்டுட்டுப் போயிடுவோம். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறோம்.

இணையத்துல தேடினா குளிர் நாட்டுக் குறிப்புகள்தான் நிறைய வரும். அங்க தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் வெடிச்சிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம்ம ஊர்ல பிரச்சினை மூணு: கசிவு, உப்பு, கொசு.

முதல்ல கசிவு. நொடிக்கு ஒரு சொட்டு விழுற குழாயை யாரும் பெரிசா எடுத்துக்கிறதில்லை. 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர்னு வச்சுக்கிட்டாலே ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல போகும். ஆறு மாசத்துல 700 லிட்டரைத் தாண்டும். மாடித் தொட்டிக்கு ஆட்டோ ஸ்விட்ச் போட்டிருந்தா நிலைமை இன்னும் மோசம். தொட்டி குறையக் குறைய மோட்டார் தானா ஓடும். சம்ப் காலியானப்புறமும் ஓடினா மோட்டார் வீணாப் போயிடும். வல்லநாட்டுல இருந்து குழாய் வழியா வர்ற தாமிரபரணித் தண்ணி அது. சித்திரை, வைகாசியில ஊரே குடத்தோட நிக்கும்போது, பூட்டின வீட்டுல அது வீணாகக் கூடாது.

அதனால கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒரு சோதனை செய்யுங்க. ராத்திரி தொட்டியில தண்ணி மட்டத்தைக் குறிச்சுவச்சு, மோட்டாரை நிறுத்திட்டு, யாரும் குழாயைத் திறக்காம இருங்க. காலையில மட்டம் இறங்கியிருந்தா எங்கேயோ கசியுது. முதல்ல ஃப்ளஷ் டேங்கைப் பாருங்க. பெரும்பாலும் அங்கதான் சத்தமில்லாம ஒழுகும்.

அடுத்தது உப்பு. உப்பளக் காத்தும் உப்புக்கரிக்கிற போர் தண்ணியும் சேர்ந்து உலோக வால்வை இறுகப் பிடிச்சுக்கும். கிளம்புற அன்னைக்கு முறுக்கினா திரும்பாது. பலமா முறுக்கினா தண்டு ஒடிஞ்சிடும். அதனாலதான் இதையும் ஒரு வாரம் முன்னாடியே செய்யணும். ஒருதரம் மூடித் திறந்து பாருங்க, இறுகியிருந்தா பிளம்பரைக் கூப்பிட்டு மாத்திடுங்க.

கிளம்புற நாள்ல வரிசை இதுதான். மோட்டார், கீசர், ஆர்ஓ மூணுக்கும் கரண்டை நிறுத்துங்க. மாநகராட்சிக் குழாய் சம்புக்கு வர்ற இடத்துல இருக்கிற வால்வை மூடுங்க. மிதவை பழுதானா சம்ப் நிரம்பி வழியாம இருக்க இதுதான் வழி. பிறகு மாடித் தொட்டியில இருந்து வீட்டுக்கு இறங்குற வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து, லைன்ல இருக்கிற தண்ணியை வடிச்சிடுங்க. வடிஞ்சதும் குழாய்களை மறக்காம மூடுங்க. இல்லேன்னா பின்னாடி யாராவது வால்வைத் திறக்கும்போது வீடு குளமாயிடும்.

மாடித் தொட்டியையும் காலி பண்ணணுமான்னு கேக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் இடையில வருதுன்னா வேண்டாம். காலியான பிளாஸ்டிக் தொட்டி புயல் காத்துக்கு நிக்காது. தண்ணி கனமா இருக்கட்டும், மூடி இறுக்கமா இருக்கணும். வந்ததும் அதை வடிச்சுக் கழுவிக்கலாம்.

மூணாவது கொசு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு, முட்டையில இருந்து பறக்குற அளவுக்கு வளர எட்டுப் பத்து நாள் போதும். முட்டை மட்டும் காய்ஞ்ச சுவர்ல மாசக்கணக்கா உயிரோட ஒட்டியிருக்கும். மொட்டைமாடி டிரம்மைத் தேய்ச்சுக் கவுத்துங்க, பூந்தொட்டித் தட்டை எடுத்திடுங்க, செப்டிக் டேங்க் காத்துக்குழாய்க்கு வலை கட்டுங்க. இல்லேன்னா காய்ச்சல் வர்றது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு.

பாத்ரூம் தரையில இருக்கிற நானி ட்ராப்பை மறந்துடாதீங்க. அதுல நிக்கிற கொஞ்சம் தண்ணிதான் சாக்கடை நாத்தத்தையும் கரப்பானையும் தடுக்குது. சில வாரத்துல அது வத்திடும். கடைசியா ஒரு மக்கு தண்ணி ஊத்தி, மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டா ஆவியாகிறது குறையும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம மறக்க முடியாது. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி வெள்ளம் வந்தா, சாக்கடை கலந்த தண்ணி சம்புக்குள்ள போயிடும். அதனால சாவியைக் குடுக்கிற பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு எந்த வால்வு எதுக்குன்னு நேர்ல காட்டுங்க, வால்வுலயும் எழுதி ஒட்டுங்க. மோட்டார் தரையோட இருந்தா மேடை கட்டி ஏத்திடுங்க.

திரும்பி வந்ததும் அவசரப்படாதீங்க. தொட்டி, சம்ப் ரெண்டையும் கழுவி, புதுத் தண்ணி ஏத்துங்க. வால்வை மெதுவாத் திறந்து, ஜன்னலையும் திறந்துவச்சு, ஒவ்வொரு குழாயையும் அஞ்சு நிமிஷம் ஓடவிடுங்க. ஷவருக்கு அடியில நிக்காதீங்க. தேங்கின வெதுவெதுப்பான தண்ணியில வளர்ற லெஜியோனெல்லா கிருமி, நீர்த்திவலையோட மூச்சுல போனா நிமோனியா வரலாம். கீசர் நிரம்பி, வெந்நீர்க் குழாய்ல தண்ணி சீரா வந்தப்புறம்தான் ஸ்விட்ச் போடணும். ஆர்ஓ ஃபில்டரை மாத்திட்டுத்தான் குடிக்கணும்.

இதுல பெரிய செலவு ஒண்ணும் இல்லை. ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சாப் போதும். நல்லபடியாப் போயிட்டு வாங்க.