சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

மருத்துவமனையில் ஒரு மருந்து நோயாளியின் உடலுக்குள் செல்வதற்கு முன் குறைந்தது மூன்று பேரைக் கடந்து வருகிறது. மருத்துவர் எழுதுகிறார், மருந்தாளுநர் எடுத்துக் கொடுக்கிறார், செவிலியர் செலுத்துகிறார். முதல் இருவர் தவறினால் கண்டுபிடித்துத் திருத்த அடுத்தவர் ஒருவர் இருக்கிறார். செவிலியர் தவறினால் அதை முதலில் அறிவது நோயாளியின் உடல்தான். எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்து முடிக்கும் எளிய வேலையாக வெளியிலிருந்து தோன்றினாலும், மருந்து உள்ளே போய் என்ன செய்யும், எப்போது செய்யும், எப்படி வெளியேறும் என்பதை அறிந்தவர் மட்டுமே பாதுகாப்பாகச் செய்யத்தக்க வேலை இது.

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து இரத்தத்தில் சேர்வதற்கு முன் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். அங்கே அதன் ஒரு பகுதி சிதைந்துபோக, எஞ்சியதே உடலெங்கும் பரவி வேலை செய்கிறது. நெஞ்சுவலிக்குத் தரப்படும் நைட்ரோகிளிசரினை விழுங்கினால் அதில் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும் என்பதால்தான் அதை நாக்கின் அடியில் வைக்கச் சொல்கிறார்கள். இரத்தத்திலுள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் 'அரை ஆயுள்' எனப்படும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் பல மருந்துகளின் அரை ஆயுள் நீண்டுவிடுவதால், வழக்கமான அளவே நாளடைவில் சேர்ந்து சேர்ந்து நஞ்சாகக்கூடும். இதயத்துக்குத் தரப்படும் டிகாக்சின் அப்படிப்பட்டது. நன்மை செய்யும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் அதில் மிகக் குறைவு. ஆகவே, அதைக் கொடுக்கும் முன் செவிலியர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுகிறார். பெரியவர்களுக்கு அது 60க்குக் கீழே இருந்தால், மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்கிறார்.

இந்தியச் சூழலில் மருந்தளவுப் பிழை எவ்வளவு எளிதாக நேரக்கூடும் என்பதை இன்சுலினைப் போல் தெளிவாகக் காட்டும் மருந்து வேறில்லை. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் செறிவுடையது. பேனாவில் பொருத்தும் கார்ட்ரிட்ஜில் இருப்பதோ ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரு வகை: 40 யூனிட் செறிவுக்கு உரியது சிவப்பு மூடி, 100 யூனிட் செறிவுக்கு உரியது ஆரஞ்சு மூடி. மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நோயாளிக்கு 20 யூனிட் தேவை என்று கொள்வோம். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லிலிட்டர், அதாவது 8 யூனிட் மட்டுமே; சர்க்கரை குறையாது. மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் வருவது 0.5 மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். வேண்டிய அளவைப் போல் இரண்டரை மடங்கு உடலுக்குள் போய்விட்டது. கோடு மட்டும் சரியாக 20இல் நிற்கிறது. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் இலட்சக்கணக்கானவர்களும் இந்த ஒரு கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

யூனிட் என்ற சொல்லைச் சுருக்கி, எண்ணை ஒட்டி 'யூ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் எழுதும் பழக்கமும் இதே ஆபத்தைச் சேர்ந்தது. அவசரக் கையெழுத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டால் 10 யூனிட் என்பது 100 ஆகிவிடும். நேரமும் அளவைப் போலவே முக்கியமானது. ரெகுலர் எனப்படும் தெளிந்த இன்சுலின் தோலுக்கு அடியில் போட்ட அரை மணி நேரத்தில் வேலை தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது. காலை இட்லி வார்டுக்கு வந்துவிட்டதா, இன்று ஸ்கேனுக்காக நோயாளி வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமா என்று விசாரிக்காமல், கேஸ் ஷீட்டில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஊசி போடும்போது, சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி வியர்வையும் நடுக்கமும் குழப்பமும் தொடங்குகின்றன. அளவு சரி, ஆள் சரி, மருந்து சரி. ஆனால் சோறு வரவில்லை.

பொட்டாசியம் குளோரைடு இன்னும் கடுமையானது. 10 மில்லிலிட்டர் ஆம்பூல் ஒன்றில் பொதுவாக 20 மில்லி ஈக்குவலன்ட் பொட்டாசியம் இருக்கும். வளர்ந்த ஒருவரின் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, சுமார் 3 லிட்டர் என்றால் அதில் உள்ள மொத்தப் பொட்டாசியமே அதே அலகில் சுமார் 12தான். சலைனில் கலந்து மணிக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டிய இந்த மருந்தை நீர்க்கச் செய்யாமல் நேராக இரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கோ அது பக்கத்தில் இருக்கும் காய்ச்சி வடித்த நீர் ஆம்பூலைப் போலவே தெளிந்திருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம் 1998இல் தொடங்கிய எச்சரிக்கை வரிசையின் முதல் அறிக்கையே இந்த மருந்தைப் பற்றியதுதான். செறிந்த ஆம்பூலைச் சாதாரண வார்டு அலமாரியிலேயே வைக்காதிருப்பது, 'கவனமாக இருங்கள்' என்று நூறு முறை சொல்வதைவிடப் பயனுள்ள தீர்வு.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் செவிலிய மாணவர்கள் முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்கிறார்கள். இவை சென்றுசேர வேண்டிய இடத்தைச் சொல்கின்றனவே தவிர, வழியைச் சொல்வதில்லை. சரியான நோயாளி என்பதை எப்படி உறுதிசெய்வது? "நீங்கள் செல்வம்தானே?" என்று கேட்டால் காதுகேளாத முதியவரும் அரைத்தூக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள்; "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, பதிலைக் கைப்பட்டையில் உள்ள பெயரோடும் பதிவெண்ணோடும் ஒப்பிடுவதே முறை. கட்டில் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. நோயாளிகள் இடம் மாறுகிறார்கள்.

மருந்து தயாரிக்கும் நேரத்தில் செவிலியரைக் கூப்பிடுவதும் சிறிய விஷயமல்ல. ஆஸ்திரேலியாவில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியரைக் கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்து கொடுப்பதில் ஏற்படும் பிழைகள் சுமார் 12 விழுக்காடு கூடியிருந்தன. ஒரே செவிலியர் ஊசி மருந்தை இழுத்துக்கொண்டே தொலைபேசிக்குப் பதில் சொல்லி, உறவினரின் கேள்வியையும் சமாளிக்க வேண்டியிருக்கும் வார்டில் பிழை நேர்ந்தால், அவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமும் ஆகாது, அடுத்த பிழையைத் தடுக்கவும் உதவாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு இயக்கமும் தனியாளைவிட அமைப்பைத் திருத்துவதையே வலியுறுத்துகிறது.

மருந்தைக் கொடுத்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்ற விதி பலருக்கு வெறும் காகித வேலையாகப் படலாம். முன்கூட்டியே கையெழுத்திட்டுவிட்டால், நோயாளி வாந்தி எடுத்து மாத்திரை வெளியே வந்தாலும், வேண்டாம் என்று மறுத்தாலும் ஏட்டில் மருந்து உள்ளே போனதாகவே நிற்கும்; கொடுத்தும் எழுதாமல் விட்டால், அடுத்தவர் அதே அளவை மீண்டும் கொடுக்க நேரும். இரவு எட்டு மணிக்குப் பணி ஏற்கும் செவிலியருக்குப் பகலில் நடந்தது எதுவும் தெரியாது. அடுத்த ஊசியைப் போடுவதா வேண்டாமா என்று அந்தச் சிறிய கையெழுத்தையும் அதன் எதிரே உள்ள மணியையும் பார்த்தே அவர் தீர்மானிக்கிறார்.